துடைக்காதீர்கள் அண்ணி

ஜனவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் என் பழைய இருமலும் இங்கே ஒற்றுமையாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறாரா, இல்லை மீட்டர் மீட்டராகச் சுற்றிவிட்டு மூன்று மணிக்குத்தான் வருகிறாரா?

ஒரு நல்ல செய்தி. எங்கள் தெருமுனை நூலகத்தின் மாடிக்கூடத்தை ஜூன் மாதம் இரண்டு வாரத்துக்கு எனக்குத் தருகிறார்கள். என் படங்கள் மட்டும். இந்த முறை விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனக்குப் பின்னால் சதுரங்கப் போட்டிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

இத்தனை வருஷமாக ஓட்டல் அறைகளுக்கும் டாக்டர்கள் வீட்டு வரவேற்பறைக்கும் அருவி வரைந்துதான் என் பிழைப்பு ஓடுகிறது. அருவி, அருவியோரம் குதிரை, குதிரை இல்லாத அருவி. இப்போதெல்லாம் குளியலறைக் குழாயைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. போன மாதம் அப்படி ஓர் அருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தூரிகை கழுவுகிற பிளாஸ்டிக் வாளிமேல் வெயில் விழுந்தது. பச்சை வாளி. விளிம்பில் ஒரு கீறல். உள்ளே கலங்கிய தண்ணீர். அந்தத் தண்ணீரின் வெளிச்சம் வாளியின் உள்பக்கம் ஏறி ஆடிக்கொண்டிருந்தது. தினமும் காலால் நகர்த்தி வைக்கிற வாளி அது. அருவியை அப்படியே விட்டுவிட்டு வாளியை வரைந்தேன். முடித்தபோது அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

அன்றைக்கே, அருவிப் படங்களை வாங்கி விற்கிற கம்பெனியில் ஆறு மாதம் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்காட்சி முழுக்க வாளி மாதிரியான பொருட்கள்தான். நூலகர், “ஒரே ஒரு அருவியாவது இருக்கட்டுமேம்மா” என்று கெஞ்சுகிறார். நான் மசியவில்லை. உள்ளுக்குள் பயம் இருக்கிறது, அது வேறு விஷயம்.

திறப்பு நாளன்று நீங்கள் இரண்டு பேரும் வரவேண்டும். அண்ணன் கட்டாயம் வரவேண்டும். மின்சார மீட்டர் கணக்கெடுக்க ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறார், ஆனால் மீட்டரைத் தவிர எதையும் பார்த்ததில்லை. அந்த மனிதர் என் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, ‘இதுல என்ன இருக்கு?’ என்று கேட்காமல் இருந்தால் போதும். மற்றவர்கள் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன்.

இப்போது உங்களிடம் ஓர் உதவி. உங்கள் அடுப்படி ஜன்னலில் இருக்கிற அலுமினியக் கெட்டில் எனக்கு வேண்டும். அடி கறுத்து, மூக்கு நசுங்கி, மூடியில் கைப்பிடிக்குப் பதிலாக நூல் சுற்றுகிற மரக்கட்டை செருகியிருக்குமே, அதுதான். பொருள் கண்ணெதிரே இல்லாவிட்டால் எனக்கு வரைய வராது.

உங்கள் அன்பு மறவாத,
சுண்டெலி


ஜனவரி 19

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதம் வந்த நேரம் வீடே கலகலப்பாகிவிட்டது. முழங்கால் அப்படியே இருக்கிறது, படியைக் கண்டால் மட்டும் முணுமுணுக்கிறது. உன் இருமலுக்கு வெந்நீர் குடி. பெயிண்ட் வாசனையிலேயே தூங்காதே, ஜன்னலைத் திறந்து வை.

கடிதத்தை உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். சட்டை மாட்டிக்கொண்டே கேட்டார். “வாளியப் பாக்க நான் எதுக்கு ரயில் ஏறணும்? நம்ம குளியலறையிலயே ரெண்டு இருக்கே” என்றார். அப்புறம் வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, “ஜூன்ல எந்தத் தேதின்னு கேட்டு எழுது. லீவு சொல்லணும்ல” என்றார். அவர் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே.

கெட்டிலைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதைப் போய் எதற்குக் கேட்டாயோ, எனக்குக் கூச்சமாக இருந்தது. நாலு பேர் பார்க்கிற பொருளாயிற்றே என்று என்னால் ஆனதைச் செய்து அனுப்பியிருக்கிறேன். பெட்டியைத் திறந்து பார், அசந்து போவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. சிரித்துச் சிரித்து விலா வலி வந்திருக்கிறது. அசந்துதான் போனேன், அண்ணி! பெட்டியைத் திறந்தால் கெட்டிலுக்குப் பதிலாகக் கண்ணாடி. அதில் என் முகம், என் மூக்கு, மூக்கில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயிண்ட், எல்லாம் தெரிகிறது. அடியில் இருந்த கரி எங்கே? நசுங்கிய மூக்கை யார் நிமிர்த்தினார்கள்? மரக்கட்டை இருந்த இடத்தில் புத்தம் புதுக் கறுப்புக் கைப்பிடி! எத்தனை நாள் உட்கார்ந்து தேய்த்தீர்கள்? பாத்திரக் கடைக்காரர் பார்த்தால் உங்களை வேலைக்குக் கூப்பிடுவார்.

கோபம் இல்லை. பத்து வருஷம் அடுப்பில் உட்கார்ந்து அந்தக் கரி ஏறியது. ஓரத்தில் நீலம், நடுவில் தவிட்டு நிறம், அப்புறம் முழுக் கறுப்பு. அதற்காகத்தான் கேட்டேன். தப்பு என்னுடையது. அழுக்குப் பாத்திரத்தை அண்ணியிடம் கேட்டால் அண்ணி எப்படி அழுக்காக அனுப்புவார்?

அதனால் இனிமேல் பொருளை அனுப்ப வேண்டாம். நீங்களே வரைந்து அனுப்புங்கள். சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு பென்சில், ஒரு வெள்ளைத் தாள். எது எங்கே எப்படிக் கிடக்கிறதோ அப்படியே. அதைப் பார்த்து நான் புரிந்துகொள்வேன். மூன்றே மூன்று நிபந்தனை: துடைக்காதீர்கள். நகர்த்தி வைக்காதீர்கள். இருக்க வேண்டியதை வரையாமல், இருப்பதை வரையுங்கள்.

திறப்பு நாள் ஜூன் 14. அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

விலா வலியுடன்,
சுண்டெலி


பிப்ரவரி 22

அன்புள்ள சுண்டெலிக்கு,

நாங்கள் சுகம். உன் விலா இப்போது தேவலையா?

கோடு போடவே எனக்கு ஸ்கேல் வேண்டும், என்னைப் போய் வரையச் சொல்கிறாயே என்று ஒரு வாரம் தாளைத் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் மத்தியானம், மொட்டைமாடியில் துணியெல்லாம் எடுத்து முடித்தபோது கொடியில் கிளிப்புகள் மட்டும் மாட்டியிருந்தன. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் அண்ணன் பார்த்துவிட்டு, “என்ன, கம்பியில காக்கா உக்காந்திருக்கா?” என்றார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரே வந்து, “அந்தக் கடைசிக் காக்கா நல்லாத்தான் இருக்கு” என்றார்.

ஒன்று சொல்கிறேன், நீ கேலி செய்யக்கூடாது. கடைசி கிளிப்பில் கம்பிச்சுருள் துருப்பிடித்திருக்கிறது. இத்தனை நாளும் அதைப் பார்த்தால், ஐயோ, வெள்ளைத்துணியில் கறை பட்டுவிடுமே என்று மட்டும்தான் தோன்றும். அன்றைக்கு வரைந்துகொண்டே பார்த்தபோது, அந்தத் துரு நல்ல சிவப்பாக, ஓரத்தில் கொஞ்சம் தங்க நிறமாக இருந்தது. தூக்கிப் போடலாம் என்று எடுத்தேன். மனசு வரவில்லை, திரும்ப மாட்டிவிட்டு வந்தேன். உன் கிறுக்கு எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

ஜூன் 14க்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

உன் அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். கிளிப்புப் படத்துக்கு உடனே நீளமாகப் பதில் எழுதியிருந்தேன், கிடைத்ததா? அதற்கப்புறம் உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது எதிர்ப்பக்கம் நடக்கிறார்.

உங்கள் கிளிப்புகளை வைத்துப் பெரிய படம் ஒன்று முடித்துவிட்டேன். அந்தத் துருவை வரைய மட்டும் இரண்டு நாள் பிடித்தது. துடைப்பம் முடிந்தது. சுவிட்சுப் பலகையைச் சுற்றிச் சுவரில் படிந்த கைரேகை அழுக்கு முடிந்தது. நடுச்சுவருக்குத்தான் இன்னும் படம் இல்லை. அங்கே அண்ணனின் தோல் செருப்பை வைக்கப்போகிறேன். ஊரெல்லாம் நடந்து, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, விரல்கள் பதிந்த இடம் கறுத்துப் போயிருக்குமே. வாசலில் அவர் கழற்றி விட்டபடியே வரைந்து அனுப்புங்கள். துடைக்காதீர்கள் அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

உங்கள் இருவரின் நலத்துக்கு ஒரு வரி போடுங்கள். மனசு என்னவோ போல் இருக்கிறது.

சுண்டெலி


ஏப்ரல் 18

அன்புள்ள சுண்டெலிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வீட்டில் வேலை கொஞ்சம் அதிகம். வேறொன்றுமில்லை. நீ கவலைப்படாதே. உன் அண்ணன் நலமாக இருக்கிறார். எப்போதும் போலத்தான், காலையில் கிளம்பினால் தெருத்தெருவாக நடை. நீ கண்காட்சி வேலையைப் பார்.

இரண்டு படம் வைத்திருக்கிறேன். ஒன்று, சாப்பாட்டு மேசை நாற்காலி. கட்டில் பக்கத்தில் போட்டிருந்தபோது வரைந்தேன். இன்னொன்று நீ கேட்ட செருப்பு. நீ சொன்னபடி துடைக்கவில்லை, தொடவும் இல்லை. எப்படிக் கிடந்ததோ அப்படியே வரைந்திருக்கிறேன். முன்னைவிடக் கை கொஞ்சம் நிதானப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். உட்கார்ந்து வரைய இப்போது நேரம் கிடைக்கிறது.

சூடாகச் சாப்பிடு. ஜன்னலைத் திறந்து வை.

உன் அண்ணி


ஏப்ரல் 24

அண்ணி,

என் சுகத்தை அப்புறம் சொல்கிறேன். அண்ணனுக்கு என்ன ஆயிற்று?

செருப்புப் படத்தை மேசையில் வைத்து மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறீர்கள்! தையல் விட்ட இடத்தைக்கூட விடவில்லை. ஆனால் செருப்பின் வாருக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய கோடுகள். பென்சில் வழுக்கிவிட்டது என்று நினைத்து ரப்பரைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். உற்றுப் பார்த்தால் கோடுகள் ஒழுங்காகக் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. நடுவில் எட்டுக் கால் வைத்த ஒரு புள்ளி.

தினமும் ஊர் சுற்றுகிற செருப்பில் சிலந்தி எப்படி அண்ணி குடித்தனம் நடத்தும்?

அப்புறம் மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. அண்ணன் எப்போதும் செருப்பைத் தெருவைப் பார்க்கிற மாதிரிதான் விடுவார், மறுநாள் மாட்டிக்கொண்டு ஓட வசதியாக. படத்தில் அது சுவரைப் பார்த்து நிற்கிறது. யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி. சாப்பாட்டு மேசை நாற்காலிக்குக் கட்டில் பக்கம் என்ன வேலை? அதன்மேல் துண்டு, ஸ்பூன் போட்ட டம்ளர், மாத்திரை அட்டை. அட்டையில் பாதிக்கு மேல் காலி. அதையும் அப்படியே வரைந்திருக்கிறீர்கள்!

எழுத்தில் பொய் சொல்ல உங்களுக்கு வருகிறது. பென்சிலில் வரவில்லை.

பக்கத்து வீட்டு போனுக்கு அடித்தால், ‘எல்லாரும் சௌக்கியம்’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பை தயாராக வாசலில் இருக்கிறது. உண்மையை உடனே எழுதுங்கள். இல்லாவிட்டால் கண்காட்சியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ரயில் ஏறிவிடுவேன். எனக்கு அண்ணன் ஒருத்தர்தான் இருக்கிறார்.

சுண்டெலி


ஏப்ரல் 28

என் கண்ணே சுண்டெலி,

முதலில் நிம்மதியாக மூச்சு விடு. உயிருக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் திட்டுகிறார்.

மார்ச் ஆரம்பத்தில் ஒரு வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனார். அவர்கள் வீட்டு மீட்டர் மாடிப்படி நடுவில் இருக்கிறதாம். படி கழுவிய ஈரம். மீட்டரைப் பார்த்துக்கொண்டே இறங்கியவர் படியைப் பார்க்கவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. அறுவை செய்து தகடு வைத்து, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்தான் மறுநாள் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அதைத் தொட மனசு வரவில்லை. வீடெல்லாம் துடைக்கிறவள், அந்த ஒரு மூலைப் பக்கம் துடைப்பத்தைக் கொண்டு போகவே இல்லை. நீ கேட்டபோதுதான் போய் உட்கார்ந்து பார்த்தேன். சிலந்தியைப் பார்த்ததும் அழுதேன். அழுதுகொண்டேதான் வரைந்தேன். நீ ‘இருப்பதை வரை’ என்றாய். சிலந்தி இருந்தது, வரைந்துவிட்டேன். அது என்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை!

உனக்குச் சொல்லக்கூடாது என்பது உன் அண்ணன் போட்ட உத்தரவு. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “சொன்னா அவ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. அந்த ஹாலு கை நழுவிப் போயிடும். திரும்பவும் அருவி வரையப் போயிடுவா. வேணாம்.”

உன் கடிதத்தை இன்று வாசித்ததும் பெரிய சண்டை. “உன்ன யாரு சிலந்தியெல்லாம் வரையச் சொன்னது?” என்று என்னிடம் பாய்ந்தார். பிறகு படத்தைப் பற்றி உன் கடிதத்தில் நீ எழுதியதை மறுபடி ஒரு முறை வாசிக்கச் சொன்னார். இப்போது நீ வந்தால், இருக்கிற ஒரு காலிலேயே எழுந்து ஸ்டேஷனுக்குத் திருப்பி அனுப்ப வருவாராம். இதை எழுதச் சொல்லித் தலைமாட்டில் இருந்து கத்திக்கொண்டிருக்கிறார்.

கட்டைப் பிரித்து, கோல் பிடித்து நடக்க ஜூன் ஆகும் என்கிறார் டாக்டர். உன் திறப்பு விழாவுக்கு வர முடியாது. அதுதான் அவருக்கு உள்ளே அரிக்கிறது, வாய் திறந்து சொல்ல மாட்டார்.

பொய் சொன்னதற்குத் திட்டு. ஆனால் வேலையை விட்டுவிட்டு வராதே.

உன் அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு நாள் அழுதேன், ஒரு நாள் கோபமாக இருந்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்காலை வைத்துக்கொண்டு தனியாக அவரைத் தூக்கி உட்காரவைத்து, எனக்கு ‘வேறொன்றுமில்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களை எப்படித் திட்டுவது? கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது.

வாசலில் இருந்த பையைப் பிரித்துவிட்டேன். அண்ணன் சொன்னதற்காகத்தான். கண்காட்சி முடிந்த மறுநாள் நான் அங்கே இருப்பேன், அதை யாரும் தடுக்க முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை. ‘தேறிவிட்டார், நன்றாக இருக்கிறார்’ என்ற கதையெல்லாம் இனி எனக்கு வேண்டாம். வாரம் ஒரு தடவை அந்தச் செருப்பை வரைந்து அனுப்புங்கள். இருக்கிறபடியே. நான் படத்தைப் பார்த்து அண்ணன் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்கிறேன்.

நடுச்சுவருக்கு நான் ஒன்றும் வரையப்போவதில்லை. உங்கள் சிலந்திப் படத்தையே சட்டம் போட்டு மாட்டப்போகிறேன். நூலகரிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, “இந்த வீட்டுல யாருக்கும்மா உடம்பு சரியில்ல?” என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் அருவி கேட்கவே இல்லை.

அண்ணனுக்கு என் கோபத்தையும் அன்பையும் சொல்லுங்கள், கோபத்தை முதலில்.

சுண்டெலி


ஜூன் 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

இந்த வாரப் படத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துவிடாதே. தாளில் தரை மட்டும்தான் இருக்கிறது. நான் வரைய மறக்கவில்லை.

போன வாரம் அனுப்பிய படத்தில் பக்கத்தில் கைத்தடி சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்திருப்பாய். இன்று காலை பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். செருப்பைக் காணோம். அது கிடந்த இடத்தில், சுற்றிலும் தூசி, நடுவில் இரண்டு பாதம் போலச் சுத்தமான தரை. சுவரில் அறுந்த நூல் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், உன் அண்ணன் கோலை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்விட்டார்! என்னைக் கூப்பிடக்கூட இல்லை. ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அப்புறம் அங்கேயே படியில் உட்கார்ந்து, இருப்பதை வரைந்தேன்.

சிலந்தி எங்கே என்று திரும்பி வந்ததும் கேட்டேன். “கைத்தடி நுனியால எடுத்து வேலியில விட்டேன். நல்லாத்தான் இருக்கும்” என்றார்.

மனசு நிறைந்திருக்கிறது. உன் விழா நன்றாக நடக்கட்டும்.

உன் அண்ணி


ஜூன் 16

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணனுக்கும்,

நான் நலமாக இருக்கிறேன் என்று இந்த முறை ஒரு சந்தேகமும் இல்லாமல் எழுதுகிறேன்.

உங்கள் வெறும் தரை சரியாகத் திறப்பு நாளன்று காலையில் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்து, அந்தத் தூசிக்கு நடுவே இரண்டு பாதங்களைப் பார்த்ததும் தபால்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் மிரண்டு போனார். சட்டம் போட நேரமில்லை. நாலு மூலையிலும் ஊசி குத்தி, செருப்புப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். கீழே ‘பென்சில்: என் அண்ணி’ என்று எழுதியிருக்கிறேன்.

கூட்டம் என்று சொல்ல முடியாது. புத்தகம் திருப்ப வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கினவர்கள். ஆனால் வந்தவர்கள் சீக்கிரம் போகவில்லை. ஒரு தையற்காரர் வாளியின் முன்னால் நின்று, “எங்க வீட்டுலயும் இதே வாளிதான். வீட்டுக்குப் போய் ஒரு தடவ பாக்கணும்” என்றார். ஒரு அம்மா துடைப்பத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. நடுச்சுவரில்தான் எல்லாரும் நின்றார்கள். முதலில் சிலந்தி, அப்புறம் வெறும் தரை. அப்புறம் திரும்ப சிலந்தி. “அவரு நடந்துட்டாரா?” என்று முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் கேட்டார். “நடந்துட்டார்” என்று சொல்லிவிட்டு, வெறும் தரைப் படத்தின் ஊசியை இன்னொரு தடவை அழுத்திவிட்டேன்.

பயமெல்லாம் போய்விட்டது. இனி அருவி வரைய மாட்டேன். ஒரே குறை, அண்ணன் அங்கே நிற்கவில்லை. கேலி பண்ணவாவது வந்திருக்கலாம் என்று ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் தோன்றியது.

29ஆம் தேதி ரயில் ஏறுகிறேன்.

சுண்டெலி


ஜூன் 21

சுண்டெலி,

நான் உன் அண்ணன் எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். கால் பரவாயில்லை. உன் இருமல் எப்படி?

ஒரு விஷயம். நான் படுத்திருந்த அறையில் ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஓதம் பிடித்து ஒரு கறை இருக்கிறது. ரொம்ப நாளாக இருக்கிறதாம், உன் அண்ணி சொல்கிறாள். நான் பார்த்ததில்லை. மார்ச்சில் படுத்ததிலிருந்து வேறு பார்க்க ஒன்றுமில்லாமல் அதைத்தான் பார்த்தேன். முதலில் எரிச்சலாக இருந்தது. வேலைக்கும் போகவில்லை, கையும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, சரியென்று மீட்டர் பார்க்கிற மாதிரி தினமும் அதைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டேன். காலையில் சாம்பல் நிறம். வெயில் ஏறினால் பச்சை. மழை பெய்த மறுநாள் கீழே ஒரு விரல் அளவு இறங்கியிருக்கும், ஓரமெல்லாம் கருநீலம். சாயங்காலம் ஜன்னல் கம்பி நிழல் விழுந்தால் வேறு மாதிரி. எந்த இரண்டு நாளும் ஒரே மாதிரி இருந்ததில்லை. இத்தனை வருஷம் எத்தனை வீட்டுச் சுவரைப் பார்க்காமல் வந்திருக்கிறேனோ என்று தோன்றியது.

நேற்று வெள்ளையடிக்கிறவர் வந்தார். நான் வீடு திரும்பி நடமாட ஆரம்பித்ததற்கு வீட்டைப் புதுசாக்க வேண்டும் என்று உன் அண்ணி ஏற்பாடு. எல்லாச் சுவரும் முடித்துவிட்டு ஜன்னலடிக்கு வந்தார். “அண்ணே, இதச் சுரண்டிட்டு அடிச்சாத்தான் நிக்கும்” என்றார். “அத விட்டுடுப்பா” என்றேன். “அண்ணே, அசிங்கமா தெரியும்” என்றார். “எங்க வீட்டுல ஒருத்தி வந்து பாக்கணும். அதுக்கப்புறம் அடிச்சுக்கலாம்” என்றேன். உன் அண்ணி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அது நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நீ வந்து பார்த்துச் சொல். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் பார்க்க வேண்டும், அப்போதுதான் கம்பி நிழல் சரியாக விழும். நீ உட்கார நாற்காலியைச் சரியான இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். யாரும் நகர்த்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

29ஆம் தேதி வரைக்கும் காத்திருக்காமல் முன்னாலேயே வர முடியுமா பார். வெள்ளையடித்த வீட்டில் அது ஒன்று மட்டும் கண்ணை உறுத்துகிறதாம். உன் அண்ணி காலையிலிருந்து வாளியும் ஈரத்துணியுமாக அறை வாசலிலேயே நிற்கிறாள்.

அண்ணன்